மேல்நிலைப் பள்ளி உயிரியலைச் சீரமைப்பது எப்படி? மொரீஷியஸ் ஆசிரியர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஒரு வருடம் பன்னிரண்டாம் கிரேடு பிள்ளைகளை பிளாக் ரிவர் ஜார்ஜஸ் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப் போயிருந்தேன். காட்டுப் பாதையில் நடக்கும்போது ஒரு வல்லூறு தலைக்கு மேலே வட்டமடித்தது. இந்தத் தீவில் மட்டுமே வாழும் மொரீஷியஸ் வல்லூறு அது. 1974-ல் காட்டில் தெரிந்த வரை நான்கே நான்கு பறவைகள்தான் மிஞ்சியிருந்தன. பிள்ளைகள் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். அடுத்த வாரம் வகுப்புத் தேர்வில், 'பாட்டில்நெக் விளைவுக்கு ஓர் எடுத்துக்காட்டு தருக' என்று கேட்டிருந்தேன். ஓர் உயிரினக் கூட்டம் கையளவாகச் சுருங்கி, அந்தக் கையளவிலிருந்தே மறுபடி பெருகும்போது மரபணு வகைகள் குறைந்து போவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். வகுப்பு முழுக்க ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலியை எழுதியிருந்தது. என் நோட்ஸில் அதுதான் இருந்தது.

அந்தத் தாள்களைத் திருத்திய ராத்திரிதான் எங்கள் துறையின் ஸ்கீமை, அதாவது வருடம் முழுக்கப் பாடம் நடத்தும் ஒழுங்கை, மாற்றத் தொடங்கினோம். சில வருடங்கள் பிடித்தது. வழியில் செய்த தவறுகளையும் சேர்த்து, வேறு பள்ளியில் யாராவது செய்வதானால் எந்த வரிசையில் போகலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

எது நம் கையில் இருக்கிறது

முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் முதல் கூட்டமே புலம்பலில் முடிந்துவிடும். ஏழு முதல் ஒன்பதாம் கிரேடு வரை புத்தகம் மொரீஷியஸ் கல்வியியல் நிறுவனத்திலிருந்து வருகிறது. அதற்கு மேலே எஸ்.சி.க்கும் (ஸ்கூல் சர்டிஃபிகேட்) எச்.எஸ்.சி.க்கும் (ஹையர் ஸ்கூல் சர்டிஃபிகேட்) கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம்: முன்னதன் குறியீட்டு எண் 5090, பின்னதன் எண் 9700. இதில் ஒரு வரியைக்கூட நாம் அடிக்க முடியாது.

ஆனால் பாடத்திட்டம் எதைக் கற்பிக்க வேண்டும் என்று சொல்கிறதே தவிர, எந்த வரிசையில், எந்த உதாரணத்தோடு, எந்தச் செய்முறையோடு, பள்ளிக்குள் என்ன கேள்வி கேட்டு என்று பெரும்பாலும் கட்டளையிடவில்லை. வரிசை, உதாரணம், செய்முறை, பள்ளித் தேர்வு. இந்த நான்கையும் ஒரு துறைக்குள் இருக்கும் நான்கைந்து ஆசிரியர்களே மாற்றிவிடலாம். பள்ளித் தலைவரான ரெக்டருக்குத் தகவல் சொன்னால் போதும், அமைச்சகம் வரை போக வேண்டியதில்லை. ஒரு பிள்ளை வகுப்பில் அனுபவிக்கும் உயிரியல் பெரும்பாலும் இந்த நான்கில்தான் இருக்கிறது.

முதல் படி: பழைய கேள்வித்தாள்களைப் பரப்புங்கள்

பாடப்புத்தகத்தை மூடி வையுங்கள். கடந்த இரண்டு வருடத்தில் உங்கள் பள்ளியே தயாரித்த தேர்வுத் தாள்களை மட்டும் மேசையில் பரப்புங்கள். மூன்று நிறப் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். மனப்பாடமாகத் தெரிந்தாலே பதில் சொல்லக்கூடிய கேள்விக்கு நீலம். புதிதாக ஒரு வரைபடமோ அட்டவணையோ சூழ்நிலையோ கொடுத்து யோசிக்கச் சொல்லும் கேள்விக்குப் பச்சை. பரிசோதனையை வடிவமைக்க, பிழை கண்டுபிடிக்க, அளவெடுக்கச் சொல்வதற்குச் சிவப்பு.

5090 தன் மதிப்பெண்ணை இந்த மூன்றுக்கும் 50, 30, 20 சதவீதம் என்று பிரிக்கிறது. எங்கள் தாள்களில் நீலப் பென்சில் தேய்ந்துகொண்டே போனது, சிவப்பைத் தொடுவதற்கு மூன்றாவது தாள் வரை காத்திருந்தோம். ஒரு சக ஆசிரியர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நாம பாதிப் பரீட்சைக்குத்தான் பிள்ளைங்கள தயார் பண்ணிட்டிருக்கோம்" என்றார். அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பாடமுறை மாற வேண்டும் என்று பொதுவாகச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள், திங்கட்கிழமை பழையபடி நோட்ஸ் சொல்லப் போய்விடுவார்கள். தேர்வில் என்ன கேட்போமோ அதைத்தான் நாம் கற்பிக்கிறோம், பிள்ளைகளும் அதைத்தான் படிக்கிறார்கள். ஆகவே அடுத்த டெர்ம் தேர்வுத் தாளை இப்போதே, பாடம் நடத்துவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். நிறம் தீட்டிப் பார்த்து விகிதம் சரியான பிறகு பாடத்தைத் திட்டமிடுங்கள். நாங்கள் செய்த மாற்றங்களில் ஒன்றே ஒன்றைத்தான் உங்களால் எடுத்துக்கொள்ள முடியும் என்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: சேர்ப்பதற்கு முன்னால் நீக்குங்கள்

நாங்கள் முதல் வருடம் தவறிய இடம் இது. ஆர்வத்தில் புதிது புதிதாகச் சேர்த்தோம், எதையும் எடுக்கவில்லை. ஆகஸ்ட்டில் எல்லாருக்கும் மூச்சு முட்டியது.

நீக்குவதற்கு இடம் நிறையவே உண்டு. செல் அமைப்பு, சவ்வூடு பரவல், என்சைம் மூன்றும் கீழ் வகுப்பில் ஒருமுறை, எஸ்.சி.யில் ஒருமுறை, எச்.எஸ்.சி.யில் ஒருமுறை வருகின்றன. ஒவ்வொரு ஆசிரியரும் பிள்ளைகளுக்கு ஒன்றுமே தெரியாது என்று வைத்துக்கொண்டு அடியிலிருந்து தொடங்குகிறோம். ஒரு பெரிய தாளில் இந்த மூன்று தலைப்பையும் போட்டு, எந்த கிரேடில் எது வரை போனோம் என்று எழுதினாலே எத்தனை பாடவேளை மிச்சமாகும் என்று தெரிந்துவிடும். அடுத்து, கரும்பலகையிலிருந்து நோட்ஸ் எழுதவைக்கும் நேரம். அச்சடித்த ஒரு பக்கம் கொடுத்துவிட்டால் அரை பாடவேளை கிடைக்கும். படம் வரைவதை மட்டும் நீக்காதீர்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்து வரையும் பிள்ளை உண்மையிலேயே பார்க்கிறாள். புத்தகப் படத்தைப் பார்த்து இன்னொரு படம் வரைவதைத் தாராளமாக விட்டுவிடலாம்.

மூன்றாம் படி: தீவின் கதைகளைத் தேர்ந்தெடுங்கள்

சேர்க்க வேண்டியது இங்கேதான் வருகிறது. அத்தியாயத்துக்கு ஓர் உள்ளூர் உதாரணம் என்று தூவாதீர்கள், பிள்ளைகளுக்கு அது மற்றொரு மனப்பாடச் சுமைதான். ஐந்தாறு பெரிய கதைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் நாலைந்து அத்தியாயங்களைக் கோத்துவிடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கதை மலேரியாவில் தொடங்கி வல்லூறில் போய் நிற்கிறது. 9700-ல் பத்தாவது தலைப்பு தொற்றுநோய்கள்: காலரா, மலேரியா, காசநோய், எச்.ஐ.வி. மலேரியா என்றதும் பிள்ளைகள் ஆப்பிரிக்கக் கண்டத்தை நினைக்கிறார்கள். தங்கள் சொந்தத் தீவை நினைப்பதே இல்லை. 1866 முதல் 1868 வரை இங்கே அடித்த மலேரியாக் கொள்ளைநோயில் பல்லாயிரம் பேர் செத்தார்கள். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்த நம் முன்னோர் பலர் அதில் போனார்கள். கொசுவுக்குள் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்த ரொனால்ட் ராஸ் 1907-08-ல் இங்கே வந்து, தீவு முழுக்கச் சுற்றி, மலேரியாவைத் தடுப்பது எப்படி என்று தனி அறிக்கையே எழுதினார்.

1940-களின் இறுதியில் டிடிடி என்ற பூச்சிக்கொல்லித் தெளிப்பு தொடங்கியது. மலேரியாவைப் பரப்பிய அனாஃபெலிஸ் கொசுக்களில் ஃபியூனெஸ்டஸ் என்ற இனம் வீட்டுச் சுவரில் உட்கார்ந்து ஓய்வெடுக்கும். சுவரில் மருந்து அடித்ததும் அந்த இனமே தீவிலிருந்து காணாமல் போனது. அரேபியென்சிஸ் என்ற இன்னோர் இனம் வெளியிலும் தங்கும், வெளியிலும் கடிக்கும். அது தப்பித்துக்கொண்டது, இன்றும் இருக்கிறது. இந்த இடத்தில் நிறுத்தி வகுப்பைக் கேளுங்கள்: "ஒரே மருந்து, ஒரே தீவு. ஒண்ணு அழிஞ்சுது, ஒண்ணு பொழைச்சுது. ஏன்?" நடத்தையும் சூழலும் பிழைப்பைத் தீர்மானிப்பதை அவர்களே சொல்வார்கள். 1973-ல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா ஒழிந்தது என்று சான்று கொடுத்தது. 1975-ல் ஜெர்வெஸ் சூறாவளிக்குப் பிறகு நோய் மீண்டும் தலைகாட்டியது. கொசு இருக்கும் வரை, ஒட்டுண்ணி வெளியிலிருந்து வந்தால் போதும். பிறகு இன்னொரு முறை துரத்த வேண்டியிருந்தது.

அப்புறம் அதே டிடிடியைப் பின்தொடர்ந்து காட்டுக்குள் போங்கள். டிடிடி உடல் கொழுப்பில் தங்கும், எளிதில் சிதையாது. பூச்சியைப் பல்லி தின்னும், பல்லியை வல்லூறு தின்னும். மொரீஷியஸ் வல்லூறின் முக்கிய இரையே மரத்தில் வாழும் பச்சைப் பகல் பல்லிதான். ஒவ்வொரு படியிலும் நஞ்சு செறிந்துகொண்டே போகும். வேட்டைப் பறவைகளின் முட்டை ஓட்டை அது மெலியச் செய்யும். காடு அழிந்தது ஏற்கெனவே வல்லூறை ஒடுக்கியிருந்தது. 1950-கள், 60-களில் தெளித்த இந்த வகைப் பூச்சிக்கொல்லிகளும் சேர்ந்துகொண்டன. மனிதரைக் காப்பாற்றிய மருந்து பறவையை அழிவின் விளிம்புக்குத் தள்ளிய கதை இது. இரண்டு பக்கத்தில் எது தவறு என்று வகுப்பு விவாதிக்கட்டும், நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

பிறகு மீட்பு. 1979-ல் இங்கே வந்த கார்ல் ஜோன்ஸும் அவரோடு உழைத்தவர்களும் முதல் ஈட்டு முட்டையை எடுத்துச் செயற்கையாகப் பொரித்தார்கள். முட்டையை இழந்த பறவை மறுபடி இட்டது. கூடுதல் உணவு வைத்தார்கள், கூடுப் பெட்டி வைத்தார்கள். நான்கு பறவை சில நூறு ஆனது. இப்போது கேள்வி: எண்ணிக்கை கூடிய பிறகும் இந்தக் கூட்டம் ஏன் ஆபத்தில் இருக்கிறது? மரபணு வகைகள் தொலைந்தது, உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம், ஒடுங்கு மரபணுக்கள் வெளிப்படுவது, ஒரே நோய் எல்லாரையும் அடிக்கும் அபாயம். இதில் தொற்றுநோய், உணவுச் சங்கிலி, இயற்கைத் தேர்வு, மரபியல், பாதுகாப்பு என ஐந்து தலைப்பு ஒரே நூலில் வந்துவிடுகிறது. எங்களுக்கு இதற்கு ஏழு பாடவேளை ஆனது. தனித்தனியாக நடத்தியிருந்தால் இன்னும் அதிகமாகவே ஆகியிருக்கும்.

இரண்டாவது கதை சிக்குன்குனியா. 2005-06-ல் அண்டைத் தீவான ரீயூனியனில் மூன்றில் ஒரு பங்கு மக்களுக்குக் காய்ச்சல் வந்தது, இங்கேயும் பரவியது. வைரஸின் வெளியுறைப் புரதம் ஒன்றில் 226-ஆம் இடத்தில் அலனின் இருந்த இடத்தில் வாலின் வந்துவிட்டது. மாற்றம் அவ்வளவுதான். அதனால் அந்த வைரஸ் நம் வீட்டுத் தொட்டியில் வளரும் ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவுக்குள் முன்னைவிட நன்றாகப் பெருகியது. மரபுக்குறி அட்டவணையைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, அலனின் குறியீடுகள் ஜி-சி என்று தொடங்குவதையும் வாலின் குறியீடுகள் ஜி-யு என்று தொடங்குவதையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும் என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது. பாட்டியின் மூட்டுவலியிலிருந்து, நியூக்ளிக் அமிலமும் புரத உற்பத்தியும் என்ற 9700-ன் ஆறாவது தலைப்புக்குள் நேராக நுழைந்துவிடுவார்கள்.

மூன்றாவது, ரேஷன் எண்ணெய். 1987-ல் அரசாங்கம் ரேஷன் எண்ணெயைப் பெரும்பாலும் பாமாயிலாக இருந்ததிலிருந்து சோயா எண்ணெய்க்கு மாற்றியது. 1987-க்கும் 1992-க்கும் இடையே தீவு மக்களின் சராசரி ரத்தக் கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7-க்கு இறங்கியது. நீரிழிவு இறங்கவில்லை. இந்த இரண்டு எண்களையும் பத்தாம் கிரேடுக்குக் கொடுத்து, "எண்ணெய்தான் காரணம்னு நிச்சயமாச் சொல்லலாமா? வேற என்ன மாறியிருக்கலாம்?" என்று கேளுங்கள். நம் வீடுகளில் இன்சுலின் ஊசி இல்லாத குளிர்பதனப் பெட்டி எத்தனை? பிள்ளைகளுக்கு இது பக்கத்து அறையில் நடக்கும் உயிரியல்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 ஜூலை 25-ல் வகாஷியோ கப்பல் புவாந்த் டெஸ்னி பவளப்பாறையில் ஏறி, ஆகஸ்டில் சுமார் 1,000 டன் எண்ணெய் கசிந்தது. மக்கள் கரும்புச் சோகையைத் துணியில் அடைத்து மிதவை செய்தார்கள். அலையாத்தி வேர் எப்படி மூச்சுவிடும் என்ற பாடத்தை அந்தக் கரையில் நின்றே நடத்தலாம். கரும்பைக் கரணை நட்டு வளர்ப்பதால் ஒரு வயல் முழுக்க ஒரே மரபுப் பிரதி என்பது பாலிலா இனப்பெருக்கத்துக்கு. டோடோவின் நெருங்கிய உயிருள்ள சொந்தம் நிக்கோபார் புறா என்று டிஎன்ஏ காட்டியது வகைப்பாட்டியலுக்கு. போர்ட் லூயிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் டோடோ எலும்புக்கூடு ஒரே பறவையிலிருந்து கிடைத்த முழு எலும்புக்கூடாகத் தெரிந்த ஒன்றேயொன்று. அதைக் கண்டெடுத்த எத்தியேன் தீரியூ முடிதிருத்தும் தொழில் செய்தவர். இதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

நான்காம் படி: வரிசையை மாற்றுங்கள்

9700-ல் 19 தலைப்பு. இயற்கைத் தேர்வும் பரிணாமமும் 17-ஆவது. வரிசைப்படி போனால் அது பதிமூன்றாம் கிரேடின் கடைசி மாதங்களில், எல்லாரும் பதறிக்கொண்டிருக்கும்போது வரும். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. மற்ற பாடங்களுக்கு அர்த்தம் கொடுக்கும் பாடத்தை ஏன் கடைசியில் வைக்க வேண்டும்? இரண்டு வருடத்தின் முடிவில் எல்லாத் தாளையும் சேர்த்து எழுதும் பிள்ளைகளுக்கு வரிசை ஒரு தடையே இல்லை. நாங்கள் செல், சவ்வு, நியூக்ளிக் அமிலம் முடிந்ததும் பன்னிரண்டாம் கிரேடிலேயே இயற்கைத் தேர்வின் அடிப்படையை நடத்திவிடுகிறோம். கணக்குப் பகுதிகளை மட்டும் மரபியலோடு சேர்த்து அடுத்த வருடத்துக்கு வைக்கிறோம்.

பரிணாமத்தைப் பற்றி வீட்டிலிருந்து கேள்வி வரும். இந்துக் குடும்பம், கிறிஸ்தவக் குடும்பம், இஸ்லாமியக் குடும்பம் மூன்றிலிருந்தும் எனக்கு வந்திருக்கிறது. நம்மவர்களில் சில ஆசிரியர்கள் "தசாவதாரமே பரிணாமம்தான்" என்று சொல்லிச் சமாளிப்பதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நான் தைப்பூசத்துக்கு விரதமிருந்து பால்குடம் எடுப்பவள். என் நம்பிக்கைக்கு உயிரியல் சான்றிதழ் தேவையில்லை, உயிரியலுக்கும் என் நம்பிக்கை தேவையில்லை. பெற்றோரிடம் நான் சொல்வது ஒன்றுதான்: "உங்க பிள்ளை என்ன நம்பணும்னு நான் சொல்ல மாட்டேன். ஆதாரத்த எப்படிப் படிக்கணும்னு சொல்லித் தருவேன்." இதுவரை யாரும் அதற்கு மேல் வாதாடியதில்லை.

ஐந்தாம் படி: செய்முறையைச் சமையலறையிலிருந்து தொடங்குங்கள்

ஆய்வகம் சரியில்லை, மருந்து வரவில்லை, மைக்ராஸ்கோப் போதவில்லை. எல்லாம் உண்மை. எனக்கும் ஒரு வருடம் முழுக்க ஒரு கண்ணாடி மட்டும் தெளிவாகத் தெரியும் மைக்ராஸ்கோப்போடு போனது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

தைப்பூசக் காவடி முடிந்த மறுவாரம் நான் செய்யும் வகுப்பு ஒன்று உண்டு. கோயிலில் வாழையிலையில் பரிமாறிய ஏழு கறியை எல்லாப் பிள்ளைகளும் சாப்பிட்டிருப்பார்கள், எந்த மதமானாலும். பலகையில் ஒவ்வொரு கறியாக எழுதி, அதில் போட்ட காய் தாவரத்தின் எந்தப் பாகம் என்று கேட்பேன். பூசணி எளிது. வாழைக்காய் எளிது. முருங்கைக் கீரை எளிது. மஞ்சள் என்றதும் வகுப்பு ஒரே குரலில் 'வேர்' என்னும். ஒரு மஞ்சள் துண்டைக் கையில் கொடுத்து, கணுவையும் மொட்டையும் தேடச் சொல்வேன். தேடிப் பார்த்துவிட்டு ஒரு பையன், "மிஸ், இது தண்டு!" என்று கத்தினான். மண்ணுக்குள் கிடந்தால் வேர் என்ற எண்ணம் அன்றைக்கு உடைந்தது. பலாக்காயில் நிற்கும்போது, ஒரே பூவிலிருந்து வந்த பழமா, பல பூக்கள் சேர்ந்த பழமா என்று அடுத்த படிக்குப் போகலாம். இலையைக் கிழித்தால் நரம்பு இணையாக ஓடுவது தெரியும், ஒருவித்திலைத் தாவரம். செலவு: ஒரு மஞ்சள் துண்டு.

பூவின் பாகங்களுக்கு வெண்டைப் பூவை அறுங்கள். செம்பருத்தியும் அதே குடும்பம், நம் தேசிய மலரான ட்ரோச்செட்டியாவும் அதே குடும்பம். மகரந்தத் தாள்கள் ஒட்டி உருவான குழாயை வெண்டையில் பார்த்துவிட்டு, ட்ரோச்செட்டியாவின் படத்தைக் காட்டி, நிறமுள்ள அதன் தேனைக் குடிக்க வருவது பல்லி என்று சொல்லுங்கள். மகரந்தச் சேர்க்கைக்குத் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் மட்டுமே வரும் என்று நினைத்திருந்த பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். வைட்டமின் சி அளவிட எலுமிச்சையோடு கொய்யாவியேவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீசனில் குடும்பத்தோடு போய்ப் பறித்துத் தின்னும் அந்தச் சிவப்புக் கொய்யாதான் நம் காட்டை நெரிக்கும் அந்நியத் தாவரங்களில் முன்னணியில் இருக்கிறது. நல்ல நிலையில் மிஞ்சியிருக்கும் இயற்கைக் காடு தீவின் பரப்பில் 2 சதவீதத்துக்கும் குறைவு. நாக்கு ஒரு பக்கம், காடு ஒரு பக்கம். அந்தச் சங்கடத்தையும் வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.

எச்.எஸ்.சி. ஐந்தாம் தாளுக்கு, அதாவது பரிசோதனையைத் திட்டமிட்டு மதிப்பிடும் தாளுக்கு, தம்பலகோக் மரத்தைப் பயன்படுத்துங்கள். 1977-ல் ஸ்டான்லி டெம்பிள் என்ற அமெரிக்க அறிவியலாளர், இந்த மரத்தின் விதை டோடோவின் இரைப்பையில் தேய்ந்தால்தான் முளைக்கும், டோடோ அழிந்ததால் மரமும் அழிகிறது என்று எழுதினார். 17 விதைகளை வான்கோழிகளுக்கு ஊட்டினார். 7 நொறுங்கின, 10 வெளியே வந்தன, 3 முளைத்தன. இந்த எண்களை மட்டும் கொடுத்துவிட்டு, "இது போதுமா?" என்று கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் யாராவது கேட்பார்கள்: வான்கோழிக்குக் கொடுக்காத விதை எத்தனை முளைத்தது? அந்த ஒப்பீடு அவரிடம் இல்லை. தேய்க்காத விதையும் முளைக்கும் என்பதும், டோடோ அழிந்த பிறகு முளைத்த இளைய மரங்கள் இருப்பதும் மற்றவர்கள் காட்டியவை. கட்டுப்பாட்டுக் குழு ஏன் வேண்டும் என்று நான் பத்து வருடம் வரையறை சொல்லி நடத்தினேன். இந்த ஒரு வகுப்பில் பிள்ளைகள் அதைத் தாங்களே கேட்டார்கள். அடுத்த வகுப்பில், சரியான பரிசோதனையை நீங்களே திட்டமிடுங்கள் என்று விட்டுவிடுங்கள். ஈல் ஓ ஸெக்ரெத் தீவில் அல்டாப்ரா ஆமைகளை விட்டு, கருங்காலி இன விதைகள் அவற்றின் வயிற்றின் வழியே போய் எப்படி முளைக்கின்றன என்று முறையாகச் சோதித்திருக்கிறார்கள். பிள்ளைகள் தங்கள் திட்டத்தை முடித்த பிறகு அதைச் சொல்லுங்கள், முன்னால் சொல்லாதீர்கள்.

ஒரு விஷயம். லேப் உதவியாளரை முதல் கூட்டத்திலிருந்தே உட்கார வையுங்கள். எந்த மருந்து எப்போது தீரும், எந்தக் கருவி எந்த அலமாரியில் தூங்குகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். நாங்கள் அவரைக் கேட்ட பிறகுதான் திறக்கப்படாத ஒரு பெட்டி நிறைய ஸ்லைடுகள் கிடைத்தன.

ஆறாம் படி: மூன்று மொழியையும் உள்ளே விடுங்கள்

பாடம் ஆங்கிலத்தில், வகுப்புப் பேச்சு கிரியோலில், சில வீடுகளில் பாட்டியோடு தமிழில். தேர்வு ஆங்கிலத்தில் என்பதால் சொற்களை ஆங்கிலத்தில் உறுதியாக்கத்தான் வேண்டும். ஆனால் கருத்து முதலில் எந்த மொழியில் பிடிபடுகிறதோ அதில் பிடிபடட்டும். எங்கள் வகுப்புச் சுவரில் மூன்று பத்தி உள்ள ஒரு தாள் தொங்குகிறது. பிள்ளைகளே நிரப்புவார்கள். கிரியோலில் முரூம், தமிழில் முருங்கை. கிரியோலில் காரிபுலே, தமிழில் கறிவேப்பிலை. தமிழ் படிக்காத பிள்ளைகள்கூட, நாம் பேசுவதில் தமிழ் இருக்கிறதா என்று ஆச்சரியப்படுவார்கள். 'ஒளிச்சேர்க்கை' என்ற சொல்லைப் பிரித்துச் சொன்னதும், ஒளியை வைத்து எதைச் சேர்க்கிறது என்று ஒரு பிள்ளை கேட்டாள். பாடம் அங்கிருந்தே தொடங்கியது.

ஏழாம் படி: லெசோனோடு மோதாதீர்கள்

இதைப் பேசாமல் மொரீஷியஸில் எந்தச் சீரமைப்பும் நிற்காது. ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் பள்ளி முடிந்து, இங்கே லெசோன் என்று சொல்லும் டியூஷனுக்குப் போகிறார்கள். அங்கே வரிசை அத்தியாயப்படி போகும். நீங்கள் பரிணாமத்தை முன்னால் கொண்டு வந்ததும், "லெசோன் சார் ஒன்பதாவது முடிச்சிட்டார், நீங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே" என்று முதல் வாரமே தொலைபேசி வரும்.

நாங்கள் செய்தது இது. வருடத் தொடக்கத்திலேயே பெற்றோரை ஒரு மாலை அழைத்து, முழு வருட வரிசையை ஒரே பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்தோம். எந்த மாதம் எந்தத் தலைப்பு, எப்போது எல்லாம் முடியும், திருப்புதலுக்கு எத்தனை வாரம். கூடவே கேம்பிரிட்ஜின் பழைய கேள்வி ஒன்றையும் எங்கள் பழைய பள்ளித் தேர்வுக் கேள்வி ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். பெற்றோரே வித்தியாசத்தைச் சொன்னார்கள். அந்த ஒரு பக்கத்தை டியூஷன் ஆசிரியரிடம் கொடுக்கவும் சொன்னோம். சிலர் வரிசையை மாற்றிக்கொண்டார்கள், சிலர் மாற்றவில்லை. தொலைபேசி நின்றது.

எட்டாம் படி: ஒரு கிரேடு, ஒரு வருடம்

எல்லா வகுப்பிலும் ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள். பத்தாம் கிரேடோ பன்னிரண்டாம் கிரேடோ, ஒன்றை எடுங்கள். பொதுத்தேர்வு எழுதும் வகுப்பைத் தொடவே வேண்டாம். முதல் டெர்மில் இரண்டு வாரத்தைக் காலியாக விடுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் சூறாவளி எச்சரிக்கையும் பெருமழையும் பள்ளியை மூடும், அந்த நாட்கள் எங்கிருந்தாவது வர வேண்டும். களப்பயணத்தை இரண்டாம் டெர்மில் வையுங்கள், காற்று குளிர்ந்திருக்கும், கரும்பு வெட்டும் தொடங்கியிருக்கும்.

வாரம் ஒருமுறை இருபது நிமிடம் துறை உட்கார வேண்டும். பேச்சு ஒன்றே ஒன்று: இந்த வாரம் பிள்ளைகள் எழுதிய ஒரு பதில். ஒரு நல்ல பதில், ஒரு குழம்பிய பதில், இரண்டையும் பெயர் மறைத்து மேசையில் வையுங்கள். குழப்பம் பிள்ளையிடமா நம் கேள்வியிடமா என்று பாருங்கள். எங்கள் அனுபவத்தில் பாதி நேரம் கேள்விதான் குழம்பியிருந்தது. டெர்ம் முடிவில் மறுபடி மூன்று நிறப் பென்சிலை எடுங்கள். சராசரி மதிப்பெண் முதல் டெர்மில் கொஞ்சம் இறங்கும், அதற்குத் தயாராக இருங்கள், ரெக்டரையும் முன்கூட்டியே தயார்ப்படுத்துங்கள். பிள்ளைகள் இதுவரை பழகாத வகைக் கேள்வி அது. எங்களுக்கு மூன்றாம் டெர்மில்தான் பச்சைக் கேள்விகளில் வெற்று இடம் குறைந்தது. தவறாக இருந்தாலும் எதையாவது யோசித்து எழுதத் தொடங்கியிருந்தார்கள்.

கடைசியாக, எல்லாவற்றையும் காகிதத்தில் ஒரு கோப்பில் போட்டு ஆசிரியர் அறை அலமாரியில் வையுங்கள். வரிசைப் பக்கம், நிறம் தீட்டிய தாள்கள், ஒவ்வொரு கதைக்கும் எத்தனை பாடவேளை ஆனது, எங்கே இழுத்தது, எந்த மஞ்சள் துண்டு போதவில்லை என்பது வரை. என் கணினியில் இருந்த முதல் வருடக் குறிப்புகள், நான் வேறு பள்ளிக்கு மாற்றலானபோது என்னோடு வந்துவிட்டன. பழைய பள்ளியில் எனக்குப் பின் வந்தவர் ஒரு டெர்ம் முழுக்க மறுபடி சிவிங்கிப்புலியை நடத்திக்கொண்டிருந்தார். கேள்விப்பட்டதும் ஒரு சனிக்கிழமை அங்கே போய், அச்சடித்த கோப்பை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.